தாடியஸ் ஸ்டீவன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபிரகாம் லிங்கனைத் தெரியாத தமிழ் வாசகர் அநேகமாக இருக்க மாட்டார். அதே காலத்தில், அதே குடியரசுக் கட்சியில், லிங்கன் எட்டு வைக்கத் தயங்கிய இடத்தில் எல்லாம் முன்னே போய் நின்று "வாருங்கள்" என்று கூப்பிட்ட ஒரு முதியவர் இருந்தார். பென்சில்வேனியா மாநிலத்து வக்கீல் தாடியஸ் ஸ்டீவன்ஸ். அமெரிக்க வரலாற்றைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் இவர் பெயரை இழுத்துவிடுவேன். கேட்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், யார் இவர்?

1792-ல் பிறந்து 1868-ல் இறந்தவர். பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க், லங்காஸ்டர் ஆகிய ஊர்களில் ஐம்பது ஆண்டுக்கு மேல் வக்கீல் தொழில் செய்தார். முதலில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். பிறகு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 1849 முதல் 1853 வரையும், 1859 முதல் சாகும்வரையும் உறுப்பினர். அடிமைமுறையை வைத்து வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர்க் காலத்தில் வரவு செலவைக் கவனித்த குழுவின் தலைவர். அமெரிக்க அரசியல் சட்டத்தில் அடிமைமுறையை ஒழித்த 13-வது திருத்தம், எல்லோருக்கும் சட்டத்தின் சம பாதுகாப்பு என்று எழுதி வைத்த 14-வது திருத்தம் இரண்டும் சபையில் நிறைவேற அவர் பட்டபாடு பெரிது.

அவருடைய இளமைக் காலம் எப்படி இருந்தது?

வெர்மான்ட் மாநிலத்தில் டான்வில் என்ற சிற்றூர். பிறக்கும்போதே ஒரு கால் பாதம் உள்பக்கமாக வளைந்திருந்தது. அண்ணனுக்கு இரண்டு பாதமும் அப்படி. அப்பா விவசாயமும் செருப்புத் தைக்கும் வேலையும் செய்தவர். ஒரு கட்டத்தில் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். நான்கு ஆண் பிள்ளைகளையும் அம்மா சாரா தனியாக வளர்த்தார். உடல் உழைப்புக்கு இந்தப் பையனின் கால் ஒத்துழைக்காது, படிப்புதான் கரையேற்றும் என்று அவர் முடிவு செய்தார். பக்கத்தில் பீச்சம் என்ற ஊரில் நல்ல பள்ளிக்கூடம் இருந்ததால் 1807-ல் வீட்டையே அங்கே மாற்றினார். அந்தப் பள்ளியிலிருந்து டார்ட்மவுத் கல்லூரி, 1814-ல் பட்டம்.

கையில் காசு சேர்ந்ததும் ஸ்டீவன்ஸ் அம்மாவுக்கு மாடுகளோடு ஒரு பண்ணை வாங்கிக் கொடுத்தார். வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான் என்று பிற்காலத்தில் சொன்னார். அவ்வப்போது அம்மாவுக்கு ஒரு தங்கக் காசு கொடுப்பாராம். அதை அம்மா பாப்டிஸ்ட் தேவாலயத்தின் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுவாராம். இவர் பின்னால் பொதுப் பள்ளிக்காக ஏன் அப்படிச் சண்டை போட்டார் என்பதைப் புரிந்துகொள்ள நான் எப்போதும் இந்த அம்மாவிடமிருந்துதான் தொடங்குவேன்.

தாடியஸ் என்றால் என்ன பெயர்?

தமிழ் விவிலியத்தில் ததேயு என்று வரும் அப்போஸ்தலரின் பெயர்தான். ஆனால் வீட்டில் அந்தப் பெயரை வைத்தது, அமெரிக்க விடுதலைப் போரில் சேர்ந்து சண்டையிட்ட போலந்துத் தளபதி கொஷ்சியுஷ்கோவின் நினைவாக.

எப்படி வக்கீல் ஆனார்?

கல்லூரி முடித்ததும் பென்சில்வேனியாவின் யார்க் நகரத்துக்கு வந்து பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். மிச்ச நேரத்தில் சட்டம் படித்தார். வேறு வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தவர்களை அந்த வட்டாரத்து வக்கீல்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் மாநில எல்லை தாண்டி மேரிலாந்தில் பெல் ஏர் என்ற ஊருக்குப் போய்த் தேர்வு கொடுத்துத் தகுதி பெற்று, 1816-ல் கெட்டிஸ்பர்க்கில் அலுவலகம் திறந்தார். பின்னாளில் பெரும் போர் நடந்த அதே கெட்டிஸ்பர்க்தான்.

அடிமை உரிமையாளர் பக்கம் நின்று ஒரு வழக்கு நடத்தினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அவரைப் போற்றுகிறவர்கள் பல நேரம் தாண்டிப் போய்விடும் இடம் இது. நான் தாண்ட விரும்பவில்லை.

சாரிட்டி பட்லர் என்று ஒரு பெண். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். வேலைக்கு அமர்த்திய வீட்டார் அவரை அடிக்கடி எல்லை தாண்டிப் பென்சில்வேனியாவுக்கு அழைத்து வந்து போனார்கள். பென்சில்வேனியாவில் 1780-லேயே போட்ட சட்டம் ஒன்று இருந்தது: வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை ஆறு மாதம் அங்கே தங்கவைக்கப்பட்டால் விடுதலை. தான் தங்கிய நாட்களைக் கூட்டினால் ஆறு மாதத்துக்கு மேல் வரும், ஆகவே நானும் என் பிள்ளைகளும் சுதந்திரமானவர்கள் என்றார் சாரிட்டி. எதிர்த்தரப்புக்கு வக்கீல் ஸ்டீவன்ஸ். "ஆறு மாதம் என்றால் இடைவிடாமல் ஆறு மாதம், விட்டு விட்டு வந்த நாட்களைக் கூட்டக் கூடாது" என்று வாதாடினார். 1821-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றது. அவர் ஜெயித்தார். ஒரு தாயும் பிள்ளைகளும் அடிமைத்தனத்துக்குத் திரும்பினார்கள்.

அப்போது அவருக்கு 29 வயது. இளம் வக்கீல், வந்த வழக்கை எடுத்தார் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. பின்னால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். 1823-ல் சுதந்திர தின விருந்தில், அடுத்து வரும் குடியரசுத் தலைவர் எந்த மனிதனுக்கும் விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும் என்று கோப்பையைத் தூக்கினார். அதன்பின் தப்பி வந்த அடிமைகளின் வழக்குகள் வந்தால் அவர்கள் பக்கம் நின்றார், பல நேரம் கட்டணம் வாங்காமலே. சட்டத்தில் உள்ள ஒரு சொல்லைக் கொஞ்சம் இப்படித் திருப்பினால் ஒரு குடும்பத்தின் தலைவிதியே மாறும் என்பதைத் தன் கையாலேயே செய்து பார்த்தவர் அவர். பிற்காலத்தில் அவர் சட்டம் எழுதும் இடத்தில் உட்கார்ந்தபோது ஒவ்வொரு சொல்லுக்கும் காட்டிய பிடிவாதத்தைப் படிக்கும்போது எனக்குச் சாரிட்டி பட்லரின் நினைவு வரும்.

பொதுப் பள்ளிகளுக்காக என்ன செய்தார்?

அவரே தன் வாழ்நாளில் செய்ததிலேயே பெரிதாக நினைத்தது இதுதான் என்று சொல்வார்கள். 1833-ல் அவர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் செல்வாக்கை எதிர்த்து எழுந்த ஒரு கட்சியின் சார்பில் போட்டியிட்டிருந்தார்.

அதுவரை பென்சில்வேனியாவில் இருந்த ஏற்பாடு எப்படி என்றால், 1809-ம் ஆண்டுச் சட்டப்படி, பெற்றோர் "நாங்கள் ஏழைகள்" என்று பதிவு செய்துகொண்டால் பிள்ளையின் படிப்புச் செலவை அரசு தரும். மானமுள்ள எந்தத் தாய் தகப்பன் போய் அப்படிக் கையெழுத்துப் போடுவார்கள்? பலர் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். 1834-ல் இதை மாற்றி, வரிப்பணத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி என்று ஒரு சட்டம் வந்தது. உடனே ஊர் கொதித்தது. பிள்ளையில்லாதவர்கள், வசதியானவர்கள், தங்கள் சபைப் பள்ளியே போதும் என்று நினைத்த ஜெர்மன் குடும்பங்கள் எல்லோரும் சேர்ந்து மனு மேல் மனு போட்டார்கள். அடுத்த தேர்தலில் அந்தச் சட்டத்தை ஆதரித்த பலர் தோற்றார்கள். மேலவை சட்டத்தை ரத்து செய்ய வாக்களித்தது. கீழவையும் அதே வழியில் போவதாக இருந்தது. ஸ்டீவன்ஸின் சொந்தத் தொகுதியே ரத்து வேண்டும் என்றது.

1835 ஏப்ரல் 11 அன்று அவர் எழுந்து பேசினார். பழைய முறைக்குத் திரும்பும் மசோதாவுக்குச் சரியான பெயர், பணக்காரரிடமிருந்து பிரித்துக் காட்ட ஏழைகள் மேல் சூடு போட்டு அடையாளம் வைக்கும் சட்டம் என்பதுதான் என்றார். அப்புறம் வரிக்கு வந்தார். எனக்குப் பிள்ளை இல்லை, நான் ஏன் பள்ளி வரி கட்ட வேண்டும் என்று கேட்கிறவர், சிறைச்சாலைக்கு மட்டும் முணுமுணுக்காமல் வரி கட்டுகிறாரே. குற்றவாளியைத் தண்டிக்கப் பணம் தருகிறவர், ஒருவன் குற்றவாளி ஆகாமல் தடுக்கப் பணம் தர மாட்டேன் என்பது எப்படி நியாயம் என்று கேட்டார். அந்தப் பேச்சு முடிந்து வாக்கெடுப்பு நடந்தபோது கீழவை அவர் பக்கம் வந்திருந்தது. பிறகு மேலவையும் இறங்கி வந்தது. சட்டம் பிழைத்தது. ஒரு சட்டமன்றப் பேச்சு ஓட்டுகளை உண்மையாகவே மாற்றிய சில அபூர்வமான சந்தர்ப்பங்களில் இது ஒன்று. ஒரு சட்டமன்ற உறுப்பினர் தன் தொகுதிக்கு எதிராகவே நின்று தன் தொகுதிப் பிள்ளைகளுக்கு நல்லது செய்த சந்தர்ப்பமும்கூட.

மாநில அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்தாராமே?

ஆமாம். 1837, 1838 ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுத ஒரு மாநாடு கூடியது. அவர் அதில் உறுப்பினர். வாக்குரிமை வெள்ளையருக்கு மட்டும் என்று அங்கே ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அந்த ஆவணத்தில் தன் பெயரை இட மாட்டேன் என்று விட்டுவிட்டார்.

பணக்காரராக இருந்தாரா?

வக்கீல் தொழிலில் நிறையச் சம்பாதித்தார். இரும்பு ஆலையில் அதை இழந்தார். கெட்டிஸ்பர்க்குக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவர் நடத்திய ஆலைக்கு, தான் பிறந்த வட்டாரத்தின் பெயரையே வைத்து கலிடோனியா என்று அழைத்தார். லாபம் வந்த ஆண்டுகள் குறைவு. அங்கே வேலை செய்த குடும்பங்களுக்காக மூடாமல் நடத்தினார். கடன் இரண்டு லட்சம் டாலரைத் தாண்டியதும் 1842-ல் பெரிய ஊரான லங்காஸ்டருக்குப் போய்த் தொழிலைப் புதிதாகத் தொடங்கி மெல்ல மெல்ல அடைத்தார். 1863 ஜூன் மாதம், கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாள் முன்பு, தென்படைத் தளபதி ஜூபல் எர்லி அந்த ஆலை யாருடையது என்று தெரிந்தே அதைக் கொளுத்தினார்.

கிறிஸ்டியானா வழக்கு என்றால் என்ன?

1850-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தப்பியோடிய அடிமைகள் சட்டம் ஒன்றைப் போட்டது. அதன்படி, அடிமைமுறை இல்லாத வடமாநிலத்துக்குத் தப்பி வந்தவரையும் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதிகாரி கூப்பிட்டால் வழியில் போகிற பொதுமக்களும் உதவிக்கு வர வேண்டும். ஸ்டீவன்ஸ் இந்தச் சட்டத்தைச் சபையில் கடுமையாக எதிர்த்தவர்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று, லங்காஸ்டர் மாவட்டத்தில் கிறிஸ்டியானா என்ற சிற்றூருக்கு மேரிலாந்து நில உரிமையாளர் எட்வர்ட் கோர்சச், தன் மகனோடும் ஓர் அதிகாரியோடும் விடியற்காலையில் வந்தார். தன்னிடமிருந்து தப்பியவர்கள் வில்லியம் பார்க்கர் வீட்டில் இருப்பதாக அவருக்குத் தகவல். பார்க்கரும் ஒரு காலத்தில் தப்பி வந்தவர்தான். பார்க்கரின் மனைவி மாடியிலிருந்து கொம்பு ஊத, சுற்றுவட்டாரத்துக் கறுப்பினத்தவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். மோதலில் கோர்சச் இறந்தார். பார்க்கர் கனடாவுக்குத் தப்பினார்.

மத்திய அரசு இதைக் கொலை வழக்காக எடுக்கவில்லை. தேசத்துரோகம் என்றது! சட்டத்தை எதிர்த்தது நாட்டின் மீது போர் தொடுத்ததற்குச் சமம் என்று முப்பதுக்கும் மேற்பட்டோர் மேல் குற்றம் சாட்டியது. முதலில் விசாரிக்கப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே. வெள்ளைக்காரர், மாவு ஆலைக்காரர். அவர் செய்தது இவ்வளவுதான்: குதிரையில் அங்கே வந்தார், பிடிக்க உதவு என்று அதிகாரி சொன்னபோது மறுத்தார். பிலடெல்பியாவில், சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான அதே கட்டடத்தின் மாடியில் விசாரணை நடந்தது. பிரதிவாதி தரப்பு வக்கீல்களில் ஸ்டீவன்ஸ் ஒருவர். அடிமைமுறை எதிர்ப்பாளர் என்று ஊரறிந்தவர் என்பதால், முன்னால் நின்று பேசும் பொறுப்பை வேறொருவரிடம் விட்டுவிட்டுப் பின்னாலிருந்து வழக்கை நடத்தினார். உதவ மறுப்பது போர் தொடுப்பது ஆகுமா என்பதே கேள்வி. நீதிபதி ராபர்ட் கிரியருக்கு இந்த மக்கள் மேல் எந்த அனுதாபமும் கிடையாது. அவரே இது தேசத்துரோகம் ஆகாது என்று ஜூரிக்குச் சொன்னார். ஜூரி கால் மணி நேரத்தில் விடுதலை என்று தீர்ப்புச் சொன்னது. மற்றவர்கள் மேலிருந்த குற்றச்சாட்டுகளும் உதிர்ந்தன.

இதற்கு அவர் விலை கொடுத்தார். 1852 தேர்தலில், அப்போது அவர் இருந்த விக் கட்சி அவருக்கு மறுபடி வாய்ப்புத் தரவில்லை.

தன் வீட்டில் தப்பி வந்தவர்களை ஒளித்து வைத்தாரா?

அவர்களுக்கு உதவியதும், பிடிப்பவர்களின் நடமாட்டத்தைக் கண்காணிக்க ஆள் வைத்திருந்ததும் தெரிந்த விஷயம். லங்காஸ்டர் வீட்டின் பின்புறம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழாய்வு செய்தபோது, மழைநீர்த் தொட்டி ஒன்று உள்ளே ஆள் இருக்கும்படி மாற்றப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஒளிவிடமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

லிங்கனுக்கும் இவருக்கும் ஒத்துப்போனதா?

இலக்கில் ஒத்துப்போனது, வேகத்தில் இல்லை. போர் தொடங்கிய 1861-லேயே, இது அடிமைமுறையை ஒழிக்கும் போர் என்று அறிவியுங்கள், அடிமைகளை விடுவித்து அவர்கள் கையில் ஆயுதம் கொடுங்கள் என்று ஸ்டீவன்ஸ் கேட்டார். அடிமைமுறை இருந்தும் வடக்கோடு நின்ற எல்லை மாநிலங்களை இழந்துவிடக் கூடாது என்று லிங்கன் பொறுத்தார். இன்று திரும்பிப் பார்த்தால், ஒருவர் முன்னால் இழுத்ததால்தான் மற்றவரால் நடுவில் நடக்க முடிந்தது என்று தோன்றுகிறது. போருக்கான பணத்தைத் திரட்டிக் கொடுத்தது ஸ்டீவன்ஸின் குழு. 1862-ல் தங்கத்தின் பின்பலம் இல்லாத காகித டாலரைச் சட்டபூர்வ நாணயமாக்கியதில் அவர் பங்கு முக்கியமானது.

அவருடைய நாக்கைப் பற்றியும் ஒரு கதை உண்டு. சைமன் கேமரன் என்ற அரசியல்வாதியை அமைச்சராக்க வேண்டாம் என்று லிங்கனை எச்சரித்தாராம். "அவர் திருடுவார் என்கிறீர்களா?" என்று லிங்கன் கேட்க, "பழுக்கக் காய்ந்த அடுப்பைத் திருட மாட்டார்" என்றாராம். கேமரன் கோபப்பட்டு, சொன்னதை வாபஸ் வாங்கச் சொன்னபோது, "சரி, அடுப்பைத் திருட மாட்டார் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்றாராம்.

13-வது திருத்த விவாதத்தில் தன் கொள்கையைக் குறைத்துச் சொன்னாரே, அது சமரசம் இல்லையா?

சமரசம்தான். 1865 ஜனவரியில் திருத்தம் ஒரு சில ஓட்டில் ஊசலாடியது. எல்லா வகையிலும் சமம் என்று சொல்ல வைத்து, தயங்குகிறவர்களைப் பயமுறுத்தி விரட்டலாம் என்று எதிர்க்கட்சி காத்திருந்தது. சட்டத்தின் முன் சமம் என்பதுதான் என் நிலை, வேறெதுவும் இல்லை என்று அவர் பதில் சொன்னார். ஜனவரி 31 அன்று 119-க்கு 56 என்ற கணக்கில் திருத்தம் நிறைவேறியது. கறுப்பினத்தவருக்கு ஓட்டு இல்லை என்பதற்காக ஓர் அரசியல் சட்டத்தில் கையெழுத்திட மறுத்த மனிதர் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. தனக்குப் பிரியமான ஒரு சொல்லை விழுங்கினால் நாற்பது லட்சம் பேரின் விடுதலை அரசியல் சட்டத்தில் ஏறும் என்றால், விழுங்கத்தான் வேண்டும். நான் அந்த இடத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

14-வது திருத்தத்தில் அவர் பங்கு என்ன?

போர் முடிந்தது, லிங்கன் கொல்லப்பட்டார், துணைத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் குடியரசுத் தலைவரானார். அவர் தென்மாநிலங்களுக்கு அவசர அவசரமாக மன்னிப்பு வழங்க, அந்த மாநிலங்கள் விடுதலையானவர்களைத் திரும்பவும் வயலில் கட்டிப்போடும் சட்டங்களை இயற்றின. வேலை ஒப்பந்தம் இல்லாமல் நடமாடினால் கைது என்கிற வகைச் சட்டங்கள். கூடவே, நேற்றுவரை கிளர்ச்சிப் படையை நடத்தியவர்களை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பின.

இதில் ஒரு கணக்கும் இருந்தது. பழைய அரசியல் சட்டப்படி, ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று பார்க்கும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவார்கள். அடிமைமுறை ஒழிந்ததும் ஐந்தும் ஐந்தாகிவிட்டது. அவர்களுக்கு ஓட்டுக் கொடுக்காமலே, அவர்கள் தலையைக் காட்டித் தென்மாநில வெள்ளையர்கள் முன்னைவிட அதிக இடத்தோடு திரும்பி வருவார்கள்! போரில் தோற்றவர்களுக்குப் பரிசு.

1865 டிசம்பர் 4 அன்று சபை கூடியது. எழுத்தர் எட்வர்ட் மெக்பெர்சன் கெட்டிஸ்பர்க்காரர், ஸ்டீவன்ஸ் வளர்த்துவிட்டவர். உறுப்பினர் பெயர்களை வாசிக்கும்போது தென்மாநிலப் பெயர்களை வாசிக்காமல் தாண்டினார். பேச எழுந்த தென்மாநில உறுப்பினருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அன்றே இரு அவைகளின் கூட்டுக் குழு அமைக்க ஸ்டீவன்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். அந்தக் குழுவிலிருந்துதான் 14-வது திருத்தம் பிறந்தது. "சம பாதுகாப்பு" என்ற புகழ்பெற்ற வாசகத்தை எழுதியவர் ஒஹையோவின் ஜான் பிங்கம். அந்தப் பெருமை அவருக்கே. அதைச் சபையில் நடத்திக் கரை சேர்த்தவர் ஸ்டீவன்ஸ்.

கரை சேர்ந்தபோது அது அவர் கேட்ட வடிவில் இல்லை. வாக்குரிமையை நேராகக் கொடுக்காமல், ஓட்டுக் கொடுக்காத மாநிலத்துக்கு இடங்கள் குறையும் என்று சுற்றி வளைத்து எழுதியிருந்தார்கள். 1866 ஜூன் 13 அன்று, 74 வயதில், உடல் தளர்ந்த நிலையில் பேசினார். மனிதனுக்கு மனிதன் தாழ்வில்லாத ஒரு நாட்டைப் புதிதாகக் கட்டலாம் என்று இளமையிலும் முதுமையிலும் கனவு கண்டேன், அந்தக் கனவு கலைந்துவிட்டது, பழைய கட்டடத்தின் மோசமான பகுதிகளை ஒட்டுப்போடுவதோடு நிற்க வேண்டியிருக்கிறது என்றார். இவ்வளவு குறையுள்ளதை ஏன் ஏற்கிறீர்கள் என்று தன்னையே கேட்டு, "நான் மனிதர்களுக்கு நடுவில் வாழ்கிறேன், தேவதூதர்களுக்கு நடுவில் அல்ல" என்று பதிலும் சொன்னார். 120-க்கு 32 ஓட்டு.

அந்தப் பேச்சை நான் பல முறை படித்திருக்கிறேன். பாதிதான் கிடைத்தது என்றால் நம் அரசியல்வாதிகள் பெரும்பாலும் அதையே முழு வெற்றி என்று கொண்டாடுவார்கள், இல்லை கோபித்துக்கொண்டு அந்தப் பாதியையும் உதறுவார்கள். இவர் பாதியை வாங்கிக்கொண்டார். அது பாதி என்று சபையிலேயே சத்தமாகச் சொன்னார். மறுநாளே மீதியைக் கேட்கப் போனார். தோற்ற தென்மாநிலங்களைத் திரும்ப ஒழுங்குபடுத்த 1867 மார்ச்சில் வந்த மறுசீரமைப்புச் சட்டம் பத்துத் தென்மாநிலங்களில் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமையைக் கொண்டுவந்தது.

"நாற்பது ஏக்கர்" திட்டம் இவருடையதா?

போர் முடியும் தறுவாயில் தளபதி ஷெர்மன் ஓர் ஆணை போட்டு, கடலோர நிலத்தைப் பங்கிட்டு விடுதலையானவர்களுக்கு ஒதுக்கினார். ஜான்சன் அதைப் பிடுங்கிப் பழைய உரிமையாளர்களிடமே கொடுத்தார். ஸ்டீவன்ஸ் முன்வைத்தது அதைவிடப் பெரிய, கணக்குப் போட்ட திட்டம்.

1865 செப்டம்பர் 6 அன்று லங்காஸ்டரில் அதை விளக்கினார். கிளர்ச்சி செய்த மாநிலங்களில் மொத்தம் 46.5 கோடி ஏக்கர் நிலம். அதில் 39.4 கோடி ஏக்கர், ஆளுக்கு 200 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் சுமார் 70,000 பேர் கையில். அந்த 70,000 பேரின் நிலத்தை மட்டும் எடுங்கள். சிறு விவசாயியைத் தொட வேண்டாம். விடுதலையான வயதுவந்த ஆண் ஒவ்வொருவருக்கும் 40 ஏக்கர் கொடுத்தால் 4 கோடி ஏக்கரில் முடிந்துவிடும். மிச்சத்தை விற்று, போரில் ஊனமானவர்களுக்கு ஓய்வூதியம் கொடுங்கள், போர்க் கடனையும் அடையுங்கள் என்றார். நிலமில்லாமல் விடுதலை மட்டும் கொடுத்தால், பழைய எஜமானர்களின் தயவில்தான் அவர்கள் வாழ வேண்டிவரும். ஓட்டுரிமைகூடக் கையில் தங்காது என்பது அவர் வாதம்.

அவருடைய சொந்தக் கட்சியே பின்வாங்கியது. தனிச் சொத்தில் கை வைப்பதா என்று வடமாநில முதலாளிகளுக்கும் பயம். 1866 பிப்ரவரியில் நிலம் சம்பந்தமாக அவர் கொண்டுவந்த மாற்று மசோதா 126-க்கு 37 என்று தோற்றது. 1867 மார்ச்சில் மறுபடி கொண்டுவந்தார். அது நகரவே இல்லை. அவர் பயந்தபடியே நடந்தது. குத்தகை விவசாயமும் தீராக் கடனும் வந்து சேர்ந்தன. ஒரு தலைமுறைக்குள் தென்மாநிலங்களில் ஓட்டும் பறிபோனது. அவர் தோற்றதிலேயே பெரிய தோல்வி இதுதான் என்பது என் எண்ணம். அந்த நாடு இன்னும் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.

ஜான்சனைப் பதவி நீக்கும் முயற்சி என்ன ஆயிற்று?

1868 பிப்ரவரி 24 அன்று சபை 126-க்கு 47 என்று குற்றச்சாட்டை நிறைவேற்றியது. மறுநாள் ஸ்டீவன்ஸும் பிங்கமும் மேலவையான செனட்டுக்குப் போய் அதை அறிவித்தார்கள். அப்போது அவரால் நடக்க முடியவில்லை. நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிப் போவார்கள். செனட்டில் பேச எழுந்தவருக்குக் குரல் எழும்பாமல் போய், மீதிப் பேச்சை இன்னொருவர் வாசித்தார். மே 16 அன்று 35-க்கு 19. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஓட்டுக் குறைவு, ஜான்சன் தப்பினார்.

லிடியா ஹாமில்டன் ஸ்மித் யார்? இருவருக்கும் என்ன உறவு?

கெட்டிஸ்பர்க் பக்கத்தில் பிறந்த கலப்பினப் பெண். இரண்டு மகன்களுக்குத் தாய். 1840-களில் ஸ்டீவன்ஸின் வீட்டு நிர்வாகத்தை ஏற்று, அவர் சாகும்வரை, இருபது ஆண்டுக்கு மேல் உடனிருந்தார். ஸ்டீவன்ஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எதிரிப் பத்திரிகைகள் இருவரையும் சேர்த்து எழுதாத அசிங்கம் இல்லை. கணவன் மனைவி போல் வாழ்ந்தார்களா என்பதற்கு உறுதியான சான்று இரண்டு பக்கமும் இல்லை. தெரிந்தது இதுதான்: கறுப்பினப் பெண்களைப் பெயர் சொல்லி மட்டும் கூப்பிட்ட காலத்தில் அவரை "திருமதி ஸ்மித்" என்று மரியாதையாக அழைத்தார், உயிலில் ஆண்டுக்கு 500 டாலர், அல்லது மொத்தமாக 5,000 டாலர் என்று எழுதினார். லிடியா அதைக்கொண்டு தாங்கள் வாழ்ந்த லங்காஸ்டர் வீட்டையே வாங்கினார். வியாபாரத்தில் திறமையானவர், வாஷிங்டனிலும் விடுதி நடத்தினார். 1884-ல் காலமானார். அவரை வதந்தியின் வழியாக மட்டுமே நினைப்பது அநியாயம்.

பழிவாங்கும் வெறி பிடித்தவர் என்று சிலர் எழுதியிருக்கிறார்களே?

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அப்படித்தான் பாடப் புத்தகங்களே எழுதின. மறுசீரமைப்புக் காலம் முழுவதையும் தவறு என்று கருதிய வரலாற்றாசிரியர்களின் காலம் அது. பேச்சு கடுமையானதுதான், சூதாட்டப் பழக்கமும் இருந்தது, ஃப்ரீமேசன்களைத் துரத்தியதில் அளவு மீறினார். இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெறி என்பது பொருந்தவில்லை. தோற்ற தலைவர்களை ராஜத்துரோக வழக்கில் தூக்கிலிடுவதில் அவர் ஆர்வம் காட்டவில்லை. மரண தண்டனையே அவருக்குப் பிடிக்காது. அவர் குறி வைத்தது அதிகாரத்துக்கு அடித்தளமான நிலத்தை. கழுத்தைக் கேட்டிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள் போல.

ஏன் ஒரு சிறிய இடுகாட்டில் புதைக்கப்பட்டார்?

1868 ஆகஸ்ட் 11 நள்ளிரவு நெருங்கும்போது வாஷிங்டனில் இறந்தார். 14-வது திருத்தம் நடைமுறைக்கு வந்து சில வாரமே ஆகியிருந்தது. நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாட மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டது. மூத்த அரசியல்வாதி ஹென்றி கிளேக்கும் லிங்கனுக்கும் அடுத்து அந்த மரியாதை பெற்ற மூன்றாவது மனிதர். கறுப்பினப் படையினர் காவல் நின்றார்கள். லங்காஸ்டர் இறுதி ஊர்வலத்துக்குச் சுமார் 20,000 பேர் வந்ததாகச் சொல்வார்கள். அவர் இறந்த பிறகும் கட்சித் தொண்டர்கள் அவரையே வேட்பாளராக முன்மொழிந்து மரியாதை செய்தார்கள்.

லங்காஸ்டரின் பெரிய கல்லறைத் தோட்டங்களில் முன்பே அவர் இடம் வாங்கியிருந்தார். அங்கே வெள்ளையரை மட்டுமே புதைக்கலாம் என்ற விதி இருப்பது தெரிந்ததும் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எந்த இனத்தவரையும் ஏற்ற ஷ்ரைனர் இடுகாட்டில் இடம் வாங்கி, கல்லில் பொறிக்க வேண்டியதையும் தானே எழுதி வைத்தார்: தனிமை பிடித்ததால் இந்த ஒதுக்குப்புறத்தில் நான் துயிலவில்லை, மற்ற இடுகாடுகள் இனம் பார்த்து வரையறுக்கப்பட்டிருப்பதால், நெடுநாள் வாழ்வில் நான் வாதாடிய கொள்கையைச் சாவிலும் காட்ட இதைத் தேர்ந்தெடுத்தேன், படைத்தவன் முன் மனிதர் சமம்.

உயிலில் வேறென்ன இருந்தது?

சகோதரர் மகன் ஒருவர் பதினைந்து ஆண்டுகள் குடிக்காமல் இருந்தால் சொத்து அவருக்கு. இல்லையென்றால் லங்காஸ்டரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஓர் இல்லம். அதில் இனமோ நிறமோ பார்த்துச் சேர்க்கக் கூடாது. எல்லோரும் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும், ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். மேசை வரைக்கும் எழுதியிருக்கிறார் பாருங்கள். "ஆறு மாதம்" என்ற சொல்லின் ஓட்டையை அறிந்த வக்கீலின் உயில் இது. அந்தப் பணத்திலிருந்து 1905-ல் உருவான தொழிற்பள்ளிதான் இன்று அவர் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது.

அம்மாவின் கல்லறைக்கும் பணம் ஒதுக்கினார். ஒவ்வொரு வசந்தத்திலும் அதன் நான்கு மூலையிலும் ரோஜாவோ வேறு மலர்ச்சியான பூச்செடியோ நட வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அவர் தொடர்பான இடங்களை இன்று பார்க்க முடியுமா?

முடியும். லங்காஸ்டரில் சவுத் குவீன் தெருவில் அவர் வீடு, அதைச் சுற்றி எழும்பிய மாநாட்டு மையத்தோடு சேர்ந்தே நிற்கிறது. எரிந்த ஆலை இருந்த இடம் கலிடோனியா மாநிலப் பூங்கா. ஷ்ரைனர் இடுகாடு லங்காஸ்டர் ஊருக்குள்ளேயே, செஸ்ட்நட் தெருவும் மல்பெரி தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. சிறிய இடம்தான், அவர் கல்லைத் தேட வேண்டியிருக்காது.